காரைக்குடியில் மெடல் பிரேம்: மரவேலைக்கு முழு மார்க், பித்தளைத் தகட்டுக்குப் பூஜ்யம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து முன்னாள் ராணுவத்தார் வீடுகளில் மெடல்கள் பெரும்பாலும் டிரங்குப் பெட்டிக்குள்தான் கிடக்கும், டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு சேர்த்து ஏதாவது பழைய வேட்டித் துணியில் சுற்றி. அதை எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்து முகப்பில் மாட்டலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். இரண்டு பிரேம் போட்டேன். ஒன்று என்னுடையது, இன்னொன்று காலமாகிவிட்ட என் மாமனாருடையது, அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்துக்குப் பாலமும் பாதையும் போடும் பொறியாளர் படை. கடையின் பெயரைப் போடவில்லை. குறைகளும் நிறையச் சொல்லப் போகிறேன், சின்னக் கடை, அண்ணன் தம்பி இரண்டு பேர் உழைத்து நடத்துகிறார்கள், அவர்கள் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பம் இல்லை. பிரேம் கடை எதுவாக இருந்தாலும் நான் சொல்வது உங்களுக்குப் பயன்படும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மரவேலை அருமை. நம்ம ஊரில் பிரேம் கடைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, இடிக்கிற பழைய செட்டியார் வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கு இன்னும் கிடைக்கிறது. சட்டம், உத்தரம், கதவு நிலை என்று எதையாவது அறுத்துத்தான் செய்கிறார்கள். என் பிரேமுக்குப் போட்டது எந்த வீட்டு ஜன்னலோ தெரியாது, ஆனால் மூலை இணைப்பில் ஒரு காகிதம் நுழைக்க இடம் இல்லை, பாலிஷும் கண்ணைக் கூசுகிற மாதிரி இல்லாமல் மரத்தின் நரம்பு தெரிகிற மாதிரி அடக்கமாக இருக்கிறது. மூத்தவர் பல வருஷமாக ரவிவர்மா படங்களும் தஞ்சாவூர் ஓவியங்களும் பிரேம் போட்ட கை, அது வேலையில் தெரிகிறது. ஒரு பிரேமுக்கு 3,800 ரூபாய் ஆயிற்று. பிளாஸ்டிக் பட்டையில் போட்டால் இதில் பாதிக்குள் முடிந்துவிடும், ஆனால் அப்படிப் போடுவதற்கு மெடல் டிரங்குப் பெட்டியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

பெட்டியின் ஆழம் முக்கியம், இதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணப் படத்துக்கு அரை இஞ்ச் ஆழம் போதும். மெடல் தொங்கும் பொருள், ரிப்பன் மடிப்பும் கொக்கியும் சேர்ந்தால் கனம் கூடும், கண்ணாடி மெடல்மேல் உரசக் கூடாது. இவர்கள் கேட்டதும் புரிந்துகொண்டு ஒன்றரை இஞ்ச் ஆழம் கொடுத்தார்கள். பின்பலகையில் கருநீல வெல்வெட், அதுவும் சரி. ஆனால் மெடலை வெல்வெட்டில் பசை வைத்து ஒட்டத்தான் முதலில் கிளம்பினார்கள். நல்லவேளை பக்கத்திலேயே நின்றேன். ஒட்டினால் பின்பக்கம் போச்சு, விளிம்பு போச்சு. இந்திய மெடல்களில் விளிம்பைச் சுற்றித்தான் படை எண், ரேங்க், பெயர், யூனிட் எல்லாம் பொறித்திருக்கும். முன்பக்கம் லட்சம் பேருக்கு ஒன்றேதான், அந்த விளிம்பு மட்டும்தான் அந்த ஆளுக்குச் சொந்தம். அதைப் பசைக்குள் புதைத்தால் அப்புறம் மெடலுக்கும் பொம்மைக் காசுக்கும் என்ன வித்தியாசம்? நூலால் கட்டச் சொன்னேன், கட்டினார்கள், அழகாகவே கட்டினார்கள்.

இன்னொன்று, பிராஸோ என்ற உலோகப் பாலிஷ். இளையவர் மெடல்களைப் பார்த்ததும் டப்பாவையும் துணியையும் எடுத்துவிட்டார். பெல்ட் பக்கிளுக்கும் பட்டனுக்கும் பிராஸோ போட்டுப் போட்டே வளர்ந்த ஆள் நான், ஆனால் பழைய மெடலில் அது கூடாது. தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும். மாமனார் மெடல் கருத்துப்போய்த்தான் இருக்கிறது, இருக்கட்டும். மெல்லிய துணியால் தூசி மட்டும் தட்டச் சொன்னேன். நீங்களும் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பளபளவென்று ஆக்கி உங்களை மகிழ்விக்கிறோம் என்று நினைத்துச் செய்துவிடுவார்கள், அவர்களைத் திட்டவும் முடியாது.

இனி வரிசை. இங்கேதான் முதல் சண்டை. நான் ஒரு தாளில் வரிசை எழுதிக் கொடுத்திருந்தேன். அவர்கள் ரிப்பன் கலரைப் பார்த்து, கண்ணுக்கு எது எதற்குப் பக்கத்தில் எடுப்பாக இருக்கிறது என்று மாற்றி வைத்துவிட்டார்கள். மாமனார் பிரேமில் சுதந்திர வெள்ளி விழா மெடல் முதலில் நிற்கிறது, 1971 வங்கதேசப் போருக்கான பூர்வி ஸ்டார் மூலையில்! விஷயம் தெரிந்த ஒருவர் இதைப் பார்த்தால் என் மாமனாரைப் பற்றி என்ன நினைப்பார்? நெஞ்சில் மெடல் குத்துவது இஷ்டத்துக்கு இல்லை, மேலிருந்து கீழ் என்று அரசாங்கம் வகுத்த வரிசை ஒன்று உண்டு. மூத்த விருது நெஞ்சின் நடுவுக்குப் பக்கத்தில், அங்கிருந்து இடது தோள் நோக்கி இறங்கிக்கொண்டே போகும். எதிரில் நின்று பார்ப்பவருக்கு அது இடமிருந்து வலம், நாம் வரி படிக்கும் திசையேதான். முதலில் வீர விருதுகள், பிறகு போரிலும் எல்லையிலும் இருந்ததற்கானவை, பிறகு கஷ்டமான இடங்களில் இருந்ததற்கானவை, கடைசியில் சுதந்திர ஆண்டு விழா மெடலும் 20 வருஷம், 9 வருஷம் முடித்ததற்கான நீண்டகாலச் சேவை மெடல்களும். இந்த வரிசை தெரிந்தவருக்கு ஒரு ஆளின் பணிக்காலம் முழுக்க நெஞ்சிலேயே எழுதியிருக்கும், வாயைத் திறந்து கேட்க வேண்டியதே இல்லை.

மாமனாருடையதைச் சொல்கிறேன், புரியும். பூர்வி ஸ்டார், ரக்ஷா மெடல், சங்க்ராம் மெடல், சைனிய சேவா மெடல், வெள்ளி விழா மெடல், 9 வருஷ மெடல். ரக்ஷா மெடல் 1965 பாகிஸ்தான் போருக்கானது. ஆனால் 1965-ல் சண்டை நடந்த இடத்தில் இருந்தவர்களுக்கு சமர் சேவா ஸ்டார் என்று தனியாக ஒன்று உண்டு, அது இவரிடம் இல்லை. ஆக அந்த வருஷம் இவர் படையில் இருந்தார், போர்முனையில் இல்லை. 1971 வேறு கதை. அந்தப் போருக்கு இரண்டு நட்சத்திரங்கள்: கிழக்கே போனவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கே போனவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். சங்க்ராம் மெடல் அதைவிடப் பரவலாக, அந்தப் போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. பூர்வி ஸ்டார் இருப்பதால் இவர் கிழக்கு வங்கத்துப் பக்கத்துப் போர்க்களத்தில் இருந்தார் என்று தெரிகிறது. அங்கே எங்கே திரும்பினாலும் ஆறும் கால்வாயும்தான், சாப்பர்கள் பாலம் போடாமல் டாங்கும் நகராது, லாரியும் நகராது. மனிதர் அதைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததே இல்லை. கேட்டால் "தண்ணிக்குள்ள நின்னோம்" என்பார், அவ்வளவுதான். வெள்ளி விழா மெடலோ 1972 ஆகஸ்ட் 15-ல் பணியில் இருந்த எல்லோருக்கும் வந்தது, ஜெனரலுக்கும் உண்டு, லாங்கர் சமையல்காரருக்கும் உண்டு. அதைக் கொண்டுபோய் முதலில் வைத்து, தண்ணிக்குள்ள நின்ற நட்சத்திரத்தைக் கடைசியில் தள்ளினால் எப்படி?

சொன்னதும் மூத்தவர் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார், கூடுதல் காசும் வாங்கவில்லை. அதற்கு ஒரு மார்க் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அடுத்து நடந்ததற்கு மார்க்கே கிடையாது. என் பிரேமை வாங்கப் போனபோது கீழே ஒரு பித்தளைத் தகடு. என் பெயர், ரேங்க், அதன் கீழே பெரிய எழுத்தில் ‘கார்கில் போர் வீரர்’.

"அண்ணே, பேரு மட்டும் போட்டா மொட்டையா இருக்குண்ணே. உங்க லிஸ்ட்லயே ஆபரேஷன் விஜய்னு இருக்கே, அது கார்கில்தானே? அதான் எங்க சார்பா போட்டுவிட்டோம், காசு வேணாம்," என்றார் இளையவர்.

பாசத்தில் செய்தது, தெரியும். ஆனால் நான் கார்கிலில் சண்டை போடவில்லை. 1999-ல் மே முதல் ஜூலை வரை திராஸிலும் படாலிக்கிலும் பையன்கள் மலை ஏறிச் செத்துக்கொண்டிருந்தபோது நான் ராஜஸ்தான் எல்லையில் மணலுக்குள் ரேடியோ செட்டோடு உட்கார்ந்திருந்தேன். எங்களையும் திரட்டி நிறுத்தியிருந்தார்கள், எந்த நேரமும் அங்கேயும் வெடிக்கலாம் என்று. வெடிக்கவில்லை. அந்த வருஷத்துக்கும் இரண்டு விருதுகள் உண்டு. ஆபரேஷன் விஜய் ஸ்டார், அது கார்கில், திராஸ், படாலிக் பகுதிகளில் போர்க்களத்தில் இருந்தவர்களுக்கு. ஆபரேஷன் விஜய் மெடல், அது அந்த நேரத்தில் எல்லை மாநிலங்களில் திரட்டப்பட்டு நின்ற என்னைப் போன்றவர்களுக்கு. ஒன்று ஐந்து முனை நட்சத்திரம், மற்றது வட்டம். பெயரில் ஒரு சொல்தான் மாறுகிறது. ஆனால் படையில் இருந்த எவனும் பிரேமைப் பார்த்த அடுத்த நொடி வட்டத்தையும் பார்ப்பான், தகட்டையும் பார்ப்பான், அப்புறம் என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வை எனக்கு வேண்டாம்.

தகட்டைக் கழற்றச் சொன்னேன். இளையவருக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்காரம்மா கூட, "விடுங்களேன், யாருக்குத் தெரியப்போகுது" என்றாள். அவள் அப்பா பூர்வி ஸ்டார் வாங்கிய ஆள், அவர் இருந்திருந்தால் இந்த யோசனைக்கே நல்ல பதில் சொல்லியிருப்பார். கழற்றியாயிற்று, இப்போது பெயர், எண், கோர் ஆஃப் சிக்னல்ஸ் மட்டும். ஆனால் தகடு இருந்த இடத்தில் வெல்வெட்டில் ஆணி ஓட்டை இரண்டு தெரிகிறது, அதை மூட இன்னும் எதுவும் செய்து கொடுக்கவில்லை. என்னைக் கேட்காமல் எதுவும் பொறிக்காதீர்கள் என்று நீங்களும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதில் ஒரு சங்கடம் நம் பக்கமும் இருக்கிறது. ஊரில் மெடலைத் தலை எண்ணிக்கை எண்ணுகிறார்கள். என் பிரேமில் 7 மெடல், எனவே 7 சண்டை! சம்பந்தி வீட்டில் ஒருவர் அப்படித்தான் நினைத்திருந்தார். உண்மை என்ன? ஆபரேஷன் விஜய் மெடல் சொல்லியாயிற்று. அடுத்து ஆபரேஷன் பராக்கிரம் மெடல், 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 2002 அக்டோபர் வரை எல்லையில் படை குவித்தார்களே அதற்கு. நடக்காத போருக்கு ஒரு மெடல் என்று கிண்டல் செய்வார்கள், ஆனால் கண்ணிவெடி பதிக்கும்போதும் எடுக்கும்போதும் உயிர் விட்டவர்கள் உண்டு, கிண்டல் செய்பவர்கள் அதையும் தெரிந்துகொள்ளட்டும். அடுத்தது சைனிய சேவா மெடல், ரிப்பனில் ஜம்மு காஷ்மீர் என்ற கிளாஸ்ப், அதாவது ஒரு சின்ன உலோகப் பட்டை. போர் இல்லை, கஷ்டமான இடத்தில் கஷ்டமான தட்பவெப்பத்தில் வேலை செய்தான் என்று அர்த்தம். கிளாஸ்ப் எந்த இடம் என்று சொல்லும், ஹிமாலயா என்று இருக்கும், நேஃபா (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்) என்று இருக்கும். பழைய மெடல் கிடைத்தால் முதலில் அந்தப் பட்டையைப் படியுங்கள். அப்புறம் ஹை ஆல்டிட்யூட் மெடல், 9,000 அடிக்கு மேல் இருந்ததற்கு. மிச்சம் மூன்றும் சுதந்திரப் பொன்விழா, 20 வருஷம், 9 வருஷம். நான் ஒழுங்காக இருந்தேன், ஓடிப்போகவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வீர விருது ஒன்றுகூட இல்லை. வெட்கமும் இல்லை, பெருமை அடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை.

அதற்காக ஒற்றை மெடல் வைத்திருப்பவரைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். திருவாடானைப் பக்கம் கடுக்கலூர், தேவகோட்டையிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம்தான், அந்த ஊர் ஹவில்தார் பழனி 2020 ஜூன் 15-ல் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு மோதி இறந்தார். மறைவுக்குப் பின் வீர் சக்ரா என்ற வீர விருது. துப்பாக்கிச் சூடே இல்லாமல் கட்டையும் கல்லுமாக நடந்த மோதல் அது. வெள்ளியில் செய்த மெடல், பாதி கருநீலமும் பாதி காவியுமான ரிப்பன். என்னுடைய 7 வட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தாலும் அந்த ஒன்றுக்கு முன்னால் நிற்க முடியாது.

வீர விருதுகளைப் பற்றிக் கடையிலும் கேட்டார்கள், பரம் வீர் சக்ரா பெரிதா அசோக சக்ரா பெரிதா என்று. அசோக சக்ராவைச் சாதாரணமாக பரம் வீர் சக்ராவுக்கு இணையான அமைதிக்கால விருது என்பார்கள். எதிரிக்கு நேர் எதிரே காட்டிய வீரமா, அப்படி அல்லாத இடத்தில் காட்டியதா, அதுதான் பிரிக்கும் கோடு. வீரத்தின் அளவு அல்ல. பரம் வீர் சக்ரா இதுவரை 21 பேருக்குத்தான், அதில் 14 பேருக்கு மறைவுக்குப் பின். ஆடம்பரமே கிடையாது, வெண்கலம், நடுவில் சிங்க முத்திரை, சுற்றிலும் நான்கு வஜ்ராயுதம், ஊதா நிறத்தில் ஒரே கலர் ரிப்பன். வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர் என்ற பெண்மணி. தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-ல் இலங்கையில், நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரில் நின்றவனின் துப்பாக்கியைப் பிடுங்கி அவனையே சுட்டு, கடைசி மூச்சு வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இறந்தார், அவருக்கு பரம் வீர் சக்ரா. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014-ல் ஷோபியானில் தீவிரவாதிகளோடு மோதி இறந்தார், அவருக்கு அசோக சக்ரா. இருவரில் யார் பெரியவர் என்று கேட்பதே தப்பு என்று இளையவரிடம் சொன்னேன், தலையாட்டினார்.

சேனா மெடல்தான் எல்லோரையும் குழப்பும். ஒரே மெடல், ஒரே ரிப்பன், ஆனால் இரண்டு விதமாகக் கொடுப்பார்கள். வீரத்துக்கும் உண்டு, சிறப்பான பணிக்கும் உண்டு. மெடலைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது, விருது கொடுத்த ஆணையைப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் சேனா மெடல் இருந்தால் அந்தத் தாளையும் பத்திரப்படுத்துங்கள், முடிந்தால் ஒரு நகலைப் பிரேமுக்குப் பின்னால் உறை வைத்துப் போட்டுவிடச் சொல்லுங்கள். எந்த மெடலின் ரிப்பன்மேலாவது சின்னத் தாமரை இலை இருந்தால் அதையும் அலங்காரம் என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள், போர் அறிக்கையில் அந்த ஆளின் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம் அது. போரில் காயம்பட்டவர்களுக்கும் பராக்கிரம் பதக் என்று தனி மெடல் உண்டு, அது வாங்கியவர் வரிசையில் போர் மெடல்களுக்கு முன்னால் வரும். அதைக் கேட்டு யாரும் வாங்குவதில்லை.

கடையில் சாம்பிள் காட்ட ஒரு போன் வைத்திருக்கிறார்கள், அதில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்கப் பிரேம்கள். நீல நிறப் பட்டையில் நீளத் துப்பாக்கி, சுற்றி இலை மாலை, அதைக் காட்டி "இது மாதிரி உங்களுக்கு இல்லையாண்ணே?" என்றார் இளையவர். அது அங்கே 1943-ல் தொடங்கிய காலாட்படை பேட்ஜ். எதிரியோடு நேராக மோதிய காலாட்படை ஆளுக்கு மட்டும், பீரங்கிக்காரனோ சிக்னல்காரனோ எத்தனை குண்டுக்கு நடுவில் நின்றாலும் கிடையாது. மற்றவர்கள் புலம்பிப் புலம்பி 2005-ல்தான் அவர்களுக்கென்று தனியாக ஒரு போர் பேட்ஜ் வந்தது. நம்மிடம் அப்படிச் சண்டை போட்டான் என்று சொல்லும் பேட்ஜ் கிடையாது, அந்த வேலையை ஸ்டார்தான் செய்கிறது. சிக்னல்காரனாக எனக்கு நம் முறைதான் பிடித்திருக்கிறது, பூர்வி ஸ்டார் பாலம் போட்டவருக்கும் உண்டு, ஒயர் இழுத்தவருக்கும் உண்டு. ஆனால் ஒரு காலாட்படை நண்பரிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மலை ஏறியவனுக்கும் அடிவாரத்தில் நின்றவனுக்கும் ஒரே நட்சத்திரமா என்பார்.

நம்மிடம் இருக்கும் பேட்ஜ்கள் பெரும்பாலும் என்ன படித்தான், என்ன தேறினான் என்று சொல்பவை. பாராசூட் இறக்கை, விமானத்திலிருந்து குதித்துத் தேறியவனுக்கு. கமாண்டோ கத்தி, அந்தப் பயிற்சி முடித்தவனுக்கு. பலிதான் பேட்ஜ், இறக்கை வைத்த கத்தி, அது பாரா சிறப்புப் படையினருடையது. 2019 உலகக் கோப்பையில் தோனி கையுறையில் போட்டு, ஐசிசி எடுக்கச் சொன்னதே, அதேதான். அதன் ஸ்டிக்கர் இந்தக் கடைக் கல்லாவிலேயே 50 ரூபாய்க்குத் தொங்குகிறது, காரைக்குடிப் பையன்கள் பைக்கில் ஒட்டிக்கொண்டு அலைகிறார்கள். அந்தப் பயிற்சியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பாதியில் திரும்பி வந்துவிடுவார்கள், இங்கே 50 ரூபாய். விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, முகம் சுளிக்க உரிமை உண்டு. உண்மையான படை வீரன் என்று நம்ப வைக்க அந்த உடையையோ சின்னத்தையோ அணிந்தால் சட்டப்படி குற்றம், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 140-ஆம் பிரிவே அதற்குத்தான் இருந்தது. ஸ்டிக்கர் அந்த அளவுக்குப் போகாது என்று நினைக்கிறேன்.

பிரேம் வேலை நடக்கும்போது பக்கத்தில் முனீஸ்வரன் கோயில் தெருவில் சுற்றினேன், பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு, வெளியூர்க்காரர்கள் எனாமல் தூக்கும் பர்மா அரக்குப் பெட்டியும் வாங்க வருவார்களே, அதுதான். ஒரு கடையில் பழைய பூட்டுகளுக்கு நடுவில் பர்மா ஸ்டார் ஒன்று கிடந்தது. ஆறு முனை நட்சத்திரம், நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் எழுத்து முத்திரை, கருநீலமும் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த ரிப்பன் நைந்து போயிருந்தது. 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை ஜப்பானியரோடு நடந்த பர்மா போருக்கானது. பர்மா என்றதும் நம்மூரில் தேக்கும் வட்டிக்கடையும்தான் நினைவுக்கு வரும், 1942-ல் ரங்கூன் விழுந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே வந்த நகரத்தார் கதை எல்லா ஆச்சிமார்களும் சொல்வார்கள். அதே நாட்டுக்குள் திரும்ப நடந்து போய்ச் சண்டை போட்டவர்களும் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான், அவர்கள் கதையை யாரும் சொல்வதில்லை, எதிர்த் திசையில் நேதாஜி படையோடு வந்த தமிழர்களின் கதையைக் கொஞ்சமாவது சொல்கிறார்கள்.

கடைக்காரர் சொன்ன விலை அதிகம். திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வழவழவென்று இருந்தது, பெயர் இல்லை. பிரிட்டன் தன் ஆட்களுக்குக் கொடுத்த அந்த நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கவில்லை, இந்தியப் படையினருக்கு வந்தவற்றில் பெயர் பொறித்தே கொடுத்தார்கள். எனவே இது வெள்ளைக்காரனுடையதாக இருக்கலாம், அச்சில் வார்த்த நகலாகவும் இருக்கலாம், விளிம்பு வேறு மொழுமொழுவென்று இருந்தது, நகல் என்றே எனக்குப் பட்டது. வாங்கவில்லை. பெயர் பொறித்த மெடல் ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் வாங்குவதற்கு முன் அந்த எண்ணையும் யூனிட்டையும் குறித்துக்கொண்டு நாலு முன்னாள் ராணுவத்தாரிடம் கேளுங்கள். அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் இந்தப் பக்கத்திலேயே இருக்கலாம், காசுக்கு விற்றார்களா, வீடு இடிக்கும்போது குப்பையோடு போனதா யாருக்குத் தெரியும்.

சரி, கடைக்கு வருவோம். ரிப்பன் இவர்களிடம் கிடையாது. மாமனாருடையதில் இரண்டு ரிப்பன் அரித்துப்போயிருந்தன, துணிக்கடையில் அதே கலர் நாடா வாங்கித் தைத்துத் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றேன். கோடுகளின் அகலம் மாறினால் அது வேறு மெடலின் ரிப்பன் ஆகிவிடும். டெல்லி கண்டோன்மென்ட் கோபிநாத் பஜாரில் எல்லா ரிப்பனும் கிடைக்கும், அங்கே பணியில் இருக்கும் சொந்தக்காரப் பையனிடம் சொல்லி வரவழைத்தேன். வெலிங்டன், பெங்களூர் பக்கம் யாராவது இருந்தாலும் சொல்லலாம். பழைய ரிப்பனைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டுப் பிரேமின் பின்புறம் வைத்திருக்கிறேன்.

கண்ணாடியும் சுமார்தான். சாதாரணக் கண்ணாடி, முகப்பில் மாட்டினால் காலை வெயில் நேரே விழும், ரிப்பன் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். வெயில் தாங்கும் கண்ணாடி மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும், கூடுதலாக ஆகும் என்றார்கள். நான் முகப்பை விட்டுவிட்டு உள்ளே பட்டாசாலையில், வெயில் படாத சுவரில் மாட்டிவிட்டேன். முகப்பில்தான் வேண்டும் என்றால் அந்தக் கண்ணாடிக்குச் செலவு செய்யுங்கள்.

நேரம் தவறுவது இவர்களின் பெரிய குறை. சொன்ன தேதிக்குக் கொடுப்பதில்லை, போன் எடுப்பதில்லை, நேரில் போனால்தான் வேலை நகரும். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் போட்டோ பிரேமுக்கே அவர்களுக்கு நேரம் போதாது, அந்த நேரத்தில் கொடுக்காதீர்கள். முன்பணம் பாதி கேட்பார்கள், ரசீது கேட்டு வாங்குங்கள், அதில் மெடல் எத்தனை, என்ன பெயர் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மெடலின் விளிம்பையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வரிசையைத் தாளில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, ஒரு அட்டையில் நீங்களே அடுக்கிக் காட்டிவிடுங்கள். எந்த வரிசை என்று உங்களுக்கே குழப்பம் இருந்தால் சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டிக் கேளுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். ஆணி ஓட்டையை மூடிக் கொடுத்தால் நான்கு.